கோலுக்கு முன்னால் ஒரு பந்தக்கால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது என்று எங்கள் அம்மா பண்ணைப்புரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நிற்கட்டும். எதிரே ஒரு கூட்டமே ஸ்டிக்கோடு ஓடி வரும்போது தனியாக நிற்கிறவளுக்கு வேறு என்ன துணை இருக்கிறது?

நான் பவானி. உத்தமபாளையத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் பெண்கள் கல்லூரியின் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர். இது எனக்குக் கடைசி வருடம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

போன வருடமும் நாங்கள் மண்டல அரையிறுதிக்கு வந்தோம். ஆட்டம் மதுரையில். விடியற்காலையிலேயே பேடு, ஸ்டிக், ஹெல்மெட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தோம். வேன் வரவில்லை. தாளாளர் வீட்டுச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு அருவிக்குக் குளிக்கப் போயிருந்தது. பஸ் பிடித்துத் தேனிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மதுரை மைதானத்துக்குள் நுழைந்தபோது, கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர் அணிக்கு வாக் ஓவர் கொடுத்தாயிற்றாம், அதாவது அவர்கள் ஆடாமலே ஜெயித்துவிட்டார்கள். ஆடித் தோற்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஆடாமல் தோற்றதற்கு எப்படி அழுவது என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

அதனால்தான் இந்த வருடம் லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. முதலிடம் பிடிக்கிற அணிக்கு அரையிறுதி சொந்த மைதானத்தில். வேனை நம்ப வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த மைதானமும் யாரும் போட்டுக் கொடுத்ததில்லை. முள் வெட்டியது நாங்கள், கல் பொறுக்கியது நாங்கள், கல் உருளையை இழுத்து இழுத்துத் தரையை மட்டமாக்கியதும் நாங்கள்தான்.

சனிக்கிழமை காலை மதுரை அணியோடு ஆட்டம். வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சிக்கு மைதானத்துக்குள் போகிறோம். வடக்குக் கோலுக்கு நேர் முன்னால் ஒரு கம்பு நிற்கிறது.

சும்மா கம்பு இல்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலையும் நவதானிய முடிப்பும் கட்டி, அடியில் பால் ஊற்றி நட்ட பந்தக்கால். அதைச் சுற்றி மேடைக்காகத் தோண்டிப் போட்ட குழிகள். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்டிருக்கும் அரைவட்டத்தை நாங்கள் ‘டி’ என்போம். அதற்குள் நின்று அடித்தால்தான் கோல். அது என் வீடு மாதிரி. அந்த வீட்டுக்குள் எவனோ கடப்பாறையோடு வந்து போயிருக்கிறான்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை தாளாளர் ஈஸ்வரபாண்டி ஐயாவுக்கு மணிவிழா. அறுபது வயது நிறைகிறது. வீடு பத்தாதாம், மண்டபமும் பத்தாதாம், ஆகவே எங்கள் மைதானம். ஆட்டம் முடிந்த பிறகுதான் பந்தல் வேலை என்று மேனேஜர் சுருளிராஜன் எங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் தாளாளரின் மச்சினர். ஆனால் வெள்ளிக்கிழமை காலைதான் நல்ல நேரம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். மேடையின் ஈசானிய மூலையில்தான் கால் ஊன்ற வேண்டுமாம். அந்த ஈசானிய மூலை வேறு எங்கும் இடம் கிடைக்காமல் என் கோலுக்கு முன்னால் வந்து விழுந்திருக்கிறது.

“என்ன சார் இது?” என்று கேட்டாள் சல்மா. அவள்தான் கேப்டன். உத்தமபாளையத்துக்காரி. நான் கத்துகிற இடத்தில் அவள் குரலை இறக்கிப் பேசுவாள்.

“பந்தக்கால்ம்மா” என்றார் மேனேஜர்.

“அது தெரியுது சார். நாளைக்கி மேட்ச் இருக்கே.”

“ஆடுங்க. யாரு வேண்டாம்னாக? குழிய வேணா மூடிக்கிருங்க, நாளைக்கி மறுபடி தோண்டிக்கிறோம். ஒத்தக் கம்புதான, ஒதுங்கி ஒதுங்கி விளையாடுங்க.”

ஒதுங்கி விளையாட வேண்டுமாம்! பந்திடம் அதை யார் சொல்வது? மதுரைக்காரிகளிடம் யார் சொல்வது? “அம்மா, இது எங்க ஐயாவோட பந்தக்கால், பாத்து அடிங்க” என்று நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கும்பிட வேண்டுமா? கேட்டே விட்டேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல் சல்மாவைப் பார்த்து, “இந்தப் பிள்ளைய வாய அடக்கச் சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு, விசேஷத்துக்குக் காய்கறி எடுக்கத் தேனி மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற மேற்பார்வையாளர் மைதானத்தை நடந்து பார்ப்பார். குழியோ கம்போ இருந்தால் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறும், மதுரை மைதானத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை வேன் விருந்தாளிகளுக்கு. எங்களையும் அன்றைக்கு விழா வேலையை விட்டு வெளியே விட மாட்டார்கள். மறுபடியும் வாக் ஓவர்.

அனுசுயா மிஸ் எங்கள் விளையாட்டு ஆசிரியை. தாளாளரிடம் பேசி வருகிறேன் என்று போனார். அவருக்கு ஒப்பந்த வேலை. போகும்போதே முந்தானையைச் சுற்றிக்கொண்டு, தோள் குறுகித்தான் போனார். திரும்பி வந்தபோது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஐயா கோவமா இருக்காக. நட்ட காலப் பிடுங்குனா அபசகுனம்னு சொல்றாக. மேட்ச் எங்க போயிரப் போகுது, அடுத்த வருசம் ஆடிக்கலாமாம்.”

“அடுத்த வருசம் நாங்க யாரும் இங்கன இருக்க மாட்டோம் மிஸ்” என்றாள் சல்மா.

“இன்னொன்னும் சொன்னாக. ஞாயித்துக்கெழம நம்ம டீம் பிள்ளைக பட்டுச்சேல கட்டி, வாசல்ல சந்தனமும் கற்கண்டும் வச்சு வரவேற்புக்கு நிக்கணுமாம். கொஞ்சம் நெறமா இருக்கிற பிள்ளைக முன்னால.” மிஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பவானி, நீ கார் நிறுத்துற பக்கம் பாத்துக்கிரு.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் கறுப்பு. அப்பாவோடு தோட்டத்தில் நின்றும், இந்த மைதானத்தில் நின்றும் கறுத்த கறுப்பு. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் விழாவுக்காக வைத்திருந்த பிளக்ஸை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில் சாரம் கட்டி நிறுத்தியிருந்த ராட்சத பிளக்ஸ். நடுவில் கைகூப்பிய தாளாளர், ஒரு தென்னை உயரத்துக்கு. மேலே ‘மண்டல வாகையரை உருவாக்கிய மாமனிதர்’ என்று எழுத்து. அரையிறுதியே இன்னும் ஆடவில்லை, அதற்குள் வாகையர்! அடியில் தபால்தலை அளவுக்கு எங்கள் அணி. எண்ணிப் பார்த்தேன். பத்து முகம். ஹாக்கிக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது பிளக்ஸ் அடித்தவனுக்குத் தெரியவில்லையா?

“உன் படத்துல ஹெல்மெட் மூஞ்சிய மறைச்சிருச்சாம். அதான் போடலையாம்” என்றாள் ஏஞ்சல். ஜெயமங்கலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிறவள். எங்கள் அணியில் அதிக கோல் அடிப்பவளும் அவள்தான்.

“ஹெல்மெட் இல்லாத படம் ஒன்னும் குடுத்தேன்டி.”

ஏஞ்சல் என் பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

நான் நேரே பந்தல் வேலையாட்களிடம் போனேன். மேஸ்திரி ராக்கையா குத்துக்கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பைப் பிடுங்கித் தாருங்கள் என்றேன். மனிதர் பதறிப் போய் எழுந்துவிட்டார்.

“ஆத்தா, என் கைய வெட்டுனாலும் தொட மாட்டேன். விசேசம் முடியாம நட்ட கால அசைக்கக் கூடாது. எனக்கும் பிள்ள குட்டி இருக்கு.” பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “நாங்க சாப்பிடப் போறோம். கடப்பாறை இங்கனதான் கெடக்கு. நான் எதையும் பாக்கல” என்றார்.

அனுசுயா மிஸ்ஸும் எதையும் பார்க்க விரும்பவில்லை. தலைவலி என்று அறைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

பந்தக்காலைச் சுற்றி நாங்கள் மட்டும் நின்றோம். சல்மா கடப்பாறையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“நீதான் பிடுங்கணும் பவானி.”

“ஏன், கேப்டன் நீதான?”

“நானோ ஏஞ்சலோ தொட்டா கதை வேற மாதிரி போயிரும். சாயங்காலத்துக்குள்ள ஊரு ரெண்டாயிரும். எங்க அத்தா கடைக்கு முன்னால ஆளுக வந்து நிப்பாக. நீ பிடுங்குனா அது வெறும் ஹாக்கி.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி. எனக்குத்தான் தாங்கவில்லை. எதிர் அணியில் எத்தனை உயரமான ஆள் வந்தாலும் மறித்து நிற்கிறவளுக்கு, ஒரு கம்பைத் தொடுவதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு வந்த கோபங்களிலேயே பெரிய கோபம் அதுதான். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மா தெரிந்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். அந்த அறுபது வயது ஆளுக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட என் தலையில்தான் விழும். மாவிலையைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டது. கும்பிட்டுவிட்டுத்தான் கடப்பாறையைப் போட்டேன். ஆட்டி ஆட்டி, கட்டிப் பிடித்துத் தூக்கினேன். மஞ்சள் எல்லாம் என் பனியனில் ஒட்டிக்கொண்டது.

“கீழ போட்டுறாத” என்றாள் சல்மா. “தூக்கி எறிஞ்சாகன்னு ஒரு சொல் வரக் கூடாது. கோலுக்குப் பின்னால, கோட்டுக்கு வெளியில, முறையா நடுவோம்.”

முறையாகத்தான் நட்டோம். ஏஞ்சல் ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தாள். நான் ஊற்றினேன். பந்தக்கால் கோலுக்குப் பின்னால் மாவிலையோடு ஜம்மென்று நின்றது. முன்னால் இருந்ததைவிட அங்கே அழகாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு குழி மூடும் வேலை. மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து, உருளையை இழுத்து. பயிற்சி போச்சு. பெனால்ட்டி கார்னர் எப்படித் தடுப்பது என்று பழக வேண்டிய நாளில், எவனோ தோண்டிய குழியை மிதித்துக்கொண்டிருந்தோம். கையெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு குழியை மிதிக்கும்போதும் நான் ஒருவரை நினைத்துக்கொண்டு மிதித்தேன். பெயர் சொல்லத் தேவையில்லை.

பொழுது சாய மேற்கே மலையில் மேகம் இறங்கியது. கேரளாப் பக்கம் கறுத்தால் இங்கே எந்த நேரமும் கொட்டும் என்பது பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். மற்ற இடம் இறுகிய தரை, தண்ணீர் ஓடிவிடும். புதிதாக மூடிய குழி ஓடாது. நனைந்தால் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது.

“படுதா வேணும்” என்றாள் சல்மா. “பெருசா.”

நான் பிளக்ஸைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எங்கள் பக்கம் பிளக்ஸ் கடைசியில் எதற்கு ஆகும் என்று யாருக்குத் தெரியாது? மாட்டுக் கொட்டகைக்கு மேலே, வைக்கோல் போருக்கு மேலே, காயப் போட்ட நெல்லுக்கு மேலே, எத்தனை தலைவர்கள் கைகூப்பிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறார்கள்! இவர் இரண்டு நாள் முன்னாலேயே கிடந்தால் என்ன?

சாரத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தது நான். முகத்தை மேலே பார்க்க விரிக்கலாம், எல்லோரும் மிதித்துக்கொண்டு போகட்டும் என்றேன். சல்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“மூஞ்சி தெரிஞ்சா நாளைக்கி ஊரெல்லாம் மூஞ்சியப் பத்தித்தான் பேசும். மேட்ச்சப் பத்திப் பேசாது. கவுத்துப் போடு.”

கவிழ்த்துப் போட்டோம். ஓரத்தில் கல் வைத்தோம். மழை கொட்டியது.

காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் இரண்டு குழிகளுக்கு மட்டும் பிளக்ஸ் எட்டாமல் சேறாகிக் கிடந்தன. அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த மண் போட்டோம். மேற்பார்வையாளர் ஒரு பேராசிரியை அம்மா. மைதானத்தை நடந்து பார்த்தார். கோலுக்குப் பின்னால் நின்ற பந்தக்காலைப் பார்த்தார். ஆட்டத்துக்காகத் தள்ளி நட்டது என்றாள் சல்மா. பிறகு அவர் கவிழ்ந்து கிடந்த பிளக்ஸைப் பார்த்தார், அதை ஒதுக்கச் சொல்லிக் காய்ந்த தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். “ஆடலாம்” என்றார்.

அப்போதுதான் தாளாளரின் கார் வந்தது. முன்னால் அவர், பின்னால் மேனேஜர், அதற்கும் பின்னால் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு. ஐயாவின் கண் முதலில் வெறும் சாரத்தைப் பார்த்தது. பிறகு பந்தக்காலைத் தேடியது. அது இடம் மாறி நிற்பதைக் கண்டதும் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியை கும்பிட்டுக்கொண்டே எதிரே போனார்.

“ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு. பிள்ளைங்க ஆட்டத்துக்காக உங்க பந்தக்காலையே தள்ளி நட்டு, உங்க பேனரையே தரையில விரிக்கச் சொல்லியிருக்கீங்க. எந்தக் காலேஜ்லயும் நான் இதப் பாத்ததில்ல.”

பத்திரிகைக்காரர் பேனாவை எடுத்தார். ஐயாவின் வாய் திறந்தபடியே ஒரு கணம் நின்றது. பிறகு அது சிரிப்பாக மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“ஆமாம்மா. நான்தான் சொன்னேன். எம்பிள்ளைகளுக்கு அப்புறந்தான் எனக்குச் சாங்கியம் சடங்கெல்லாம்.”

என் கையில் ஸ்டிக் இருந்தது. அதை சல்மா மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்து வழக்கமான கூத்து. ஆட்டத்துக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கேட்டு வாழ்த்த வேண்டும். கேமராவுக்காக பிளக்ஸையும் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார்கள். ஐயாவின் முகமெல்லாம் மண். எங்கள் பத்துப் பேர் முகமும் மண். ஐயா ஒவ்வொருவராகக் கும்பிட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தார்.

“நீ யாரும்மா?”

“பவானிங்கய்யா. கோல்கீப்பர்.”

பத்திரிகைக்காரர் பிளக்ஸைப் பார்த்துவிட்டு, “இவங்க இதுல இல்லையே சார்” என்றார். ஐயா ரொம்ப வருத்தப்பட்டார். பின்னால் திரும்பினார்.

“ஏம்ப்பா சுருளி, இந்தப் பிள்ளைய எப்படிப்பா விட்டீக? சாயங்காலத்துக்குள்ள புதுசா ஒன்னு அடிக்கச் சொல்லு. பிள்ள படத்தையும் போட்டு.”

சல்மா என் காலை ஷூவால் மிதித்தாள். மிதிக்கட்டும்.

“அடிக்கச் சொல்லுங்கய்யா” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “என் படம் வேண்டாம். ஆனா இதவிடப் பெருசா அடிக்கச் சொல்லுங்க. உங்க மேடைக்குத் தோண்டுன குழி அம்புட்டையும் மூட இது பத்தலய்யா. ரெண்டு குழி நனைஞ்சு போச்சு.”

பேராசிரியை பிளக்ஸைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் கைகளைப் பார்த்தார். பத்திரிகைக்காரரின் பேனா எழுதிக்கொண்டே இருந்தது. ஐயாவின் சிரிப்பு மட்டும் இறங்க வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு என்ன செய்வார்களோ, செய்யட்டும். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வடக்குக் கோலுக்கு நடந்தேன்.

விசில் ஊதினார்கள். மதுரைக்காரிகள் முதல் பாய்ச்சலிலேயே சல்மாவைத் தாண்டி வந்துவிட்டார்கள். அவர்களில் உயரமானவள் டிக்குள் நுழைந்ததும் ஓங்கி அடித்தாள். பந்து தரையோடு தரையாக வந்தது, பந்தக்கால் நின்ற அதே இடத்தை நோக்கி. அங்கே ஒரு சின்னப் பள்ளமோ மேடோ இருந்தால் துள்ளி என் தோளுக்கு மேலே போய்விடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பந்து துள்ளவில்லை. நேராக என் காலுக்கு வந்தது. எனக்கு இருந்த கோபம் அத்தனையையும் சேர்த்து உதைத்தேன்.